எடிட்டிங் கூலி: இன்னும் மனசை விட்டுப் போகாத சம்பவம் ஒன்று இருந்தால் எழுதுங்கள்

சாலிகிராமம் கட்டர்

ஆறு வருடமாக கம்பெனிப் படம், விளம்பரம் என்று வெட்டிக்கொண்டிருக்கிறேன். எடிட்டருக்கு எவ்வளவு சம்பளம் வரும் என்ற பட்டியல் தேடினால் ஆயிரம் கிடைக்கும், அது எனக்கு வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு தொழிற்சாலைக்கு 90 நொடிப் படம். மூன்று நாள் ஃபுட்டேஜ், ட்ரோன் தனி, முதலாளி பேசிய பேட்டி மட்டும் 40 நிமிடம். அதில் அவர் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக முடிக்கவில்லை, நாலு இடத்திலிருந்து எடுத்து ஒட்டித்தான் ஒரு வாக்கியம் தேற்றினேன், மூச்சு விடும் சத்தம் மாறாமல் பார்த்துப் பார்த்து. எனக்குப் பேசிய கூலி 7,000. ஐந்து நாள் வேலை, அப்புறம் கரெக்‌ஷன் இரண்டு நாள். கடைசி நாள் ஃபைலைக் காப்பி பண்ண, வேலை தந்த ஏஜென்சிக்காரர் தன் லேப்டாப்பையே என் பக்கம் தள்ளினார். திரையில் எஸ்டிமேட் ஷீட். ‘எடிட்டிங் – 60,000’ என்று தனி வரி. கலர், மியூசிக், வாய்ஸ் எல்லாம் அதற்குக் கீழே தனித்தனியாக இருந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கையை நீட்டி ஷீட்டை மூடிவிட்டு, “தம்பி, சாப்ட்டியா?” என்றார். “சாப்ட்டேன் சார்” என்றேன். சாப்பிடவில்லை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. 7,000-மும் 60,000-மும் மறந்துவிடும் போலிருக்கிறது, அந்த “சாப்ட்டேன் சார்” மறக்கவில்லை.

மதுரை மிக்சிங்

எங்கள் பக்கம் கல்யாண வீடியோ வெட்டும் எங்களை எடிட்டர் என்று யாரும் கூப்பிட்டதில்லை, மிக்சிங்காரர்தான். 2009-ல் மினி-டிவி (MiniDV) கேமரா கேசட் காலத்தில் வந்தேன். ஒரு கேசட் 60 நிமிடம், ஒரு கல்யாணத்துக்கு நாலு கேசட், கேசட்டுக்குக் காசு என்பதால் கேமராக்காரரும் அளந்துதான் எடுப்பார். இப்போது 4கே-யில் சாதாரணமாக எடுத்தாலே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. நாலு கேமரா, அது போக ட்ரோன். போன வைகாசியில் ஒரே ஒரு கல்யாணம் 700 ஜிபிக்கு வந்தது. ஒரு தடவை பார்த்து முடிக்கவே இரண்டு நாள். அன்றைக்கு மிக்சிங் 2,500, இன்றைக்கு 5,000, ஹைலைட்ஸும் அதற்குள்ளேயே. ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை வராது, அந்த மாதங்களில் உட்கார்ந்து பழைய பாக்கியை முடிப்போம், ஆனால் ஆல்பம் கைக்குப் போனால்தான் பார்ட்டி ஸ்டூடியோவுக்குப் பணம் தரும், ஸ்டூடியோ தந்தால்தான் எனக்கு. பெண்ணின் மாமியார் ஆல்பத்தில் ஒரு படத்தை மாற்றச் சொன்னால் என் வீட்டு வாடகை தள்ளிப்போகும், அவ்வளவுதான் கணக்கு.

சொல்ல வந்தது இது. ஒரு கல்யாணம் முடிந்து பதினைந்து நாளில் பெண்ணின் தாத்தா தவறிவிட்டார். பெண்ணின் அப்பா ஸ்டூடியோவுக்குப் போகாமல் விலாசம் விசாரித்து நேராக என் அறைக்கே வந்துவிட்டார், மொட்டை அடித்திருந்தார். “எங்கப்பா பேசுற மாதிரி எங்கயாவது இருக்காங்க?” என்றார். மேடையில் அவர் அட்சதை போடுவது இருந்தது, குரல் இல்லை, மேளம்தான். மூன்று கேமராவை ஓட்டிப் பார்த்துவிட்டு கடைசியில் பந்தியில் சுற்றிய கேண்டிட் கேமராவில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த பேரனிடம், “டேய், பாயசத்துல அப்பளத்த நொறுக்கிப் போட்டுத் தின்னு பாரு” என்கிறார். 14 நொடி. அந்த மனிதர் மானிட்டரில் அப்பாவின் கன்னத்தைத் தொட்டார். விரல் தடம் கண்ணாடியில் இருந்தது, அன்று நான் துடைக்கவில்லை.

500 ரூபாயை எடுத்து நீட்டினார், வாங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த 14 நொடியை வைத்து நினைவஞ்சலி வீடியோ என்று ஸ்டூடியோ அவரிடம் 8,000 வாங்கியிருக்கிறது. செய்தது நான். எனக்கு மிக்சிங் காசு 5,000-தான், அதுவும் ஆடி முடிந்துதான் வந்தது. காசு போனதைவிட, அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதுதான் குடைகிறது. இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே கறந்துவிட்டேன் என்றுதானே நினைப்பார்?

அந்தப் பக்கத்து ஆள்

முதல் பதிவு போட்ட தம்பி கோபப்படாமல் படிக்கவும். நானும் எடிட்டராக இருந்து இப்போது ஆறு பேர் வைத்துச் சின்னதாகக் கம்பெனி நடத்துகிறேன். 60,000 என்று எழுதியிருந்தால் 60,000 கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வாடகை, கரண்ட், சிஸ்டம், பணம் வராத நாலு மாதத்துக்கும் கொடுக்கவேண்டிய சம்பளம் எல்லாம் அந்த வரிக்குள்தான் ஒளிந்திருக்கும். எனக்கும் ஒன்று நடந்தது. ஒரு நகைக்கடைப் படத்துக்கு 14 கரெக்‌ஷன். எட்டாவது முடிந்ததும் எடிட்டர் போனை அணைத்துவிட்டார், மீதி ஆறையும் ராத்திரி நானே உட்கார்ந்து முடித்தேன், அதே வாரம் என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியவில்லை, எத்தனை கரெக்‌ஷன் என்று நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆகவே சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் உத்யம் (அரசின் குறு, சிறு தொழில் பதிவு) பதிவு செய்யுங்கள், இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் வீட்டிலிருந்தே முடிந்துவிடும். குறு, சிறு தொழில் செய்பவருக்குப் பணம் தர 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி அதிகபட்சம் 45 நாள்தான், எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் புகார் போடலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, கெடுவுக்குள் தராத தொகையை, தந்து முடிக்கும் வருடம் வரை அந்தக் கம்பெனி வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் நீங்கள் உத்யம் எண்ணோடு பில் கொடுத்தால் தனி மரியாதை, இதை நான் கண்ணால் பார்க்கிறேன். அடுத்து டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. ஒரு கம்பெனி உங்களுக்குத் தருவது வருடத்துக்கு 50,000-க்கு மேல் போனால் பெரும்பாலும் 10 விழுக்காடு பிடிப்பார்கள், 2025 ஏப்ரலுக்கு முன் 30,000 என்று இருந்தது. பிடித்ததோடு போச்சு என்று நிறைய பிள்ளைகள் ரிட்டர்னே போடுவதில்லை, அது உங்கள் பணம், கட்டவேண்டிய வரிக்கு மேல் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். கரெக்‌ஷன் இரண்டு வரை இலவசம், மூன்றாவதிலிருந்து இவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி எழுதி வாங்குங்கள். பாதிப் பணம் வராமல் வாட்டர்மார்க் இல்லாத ஃபைல் கையை விட்டுப் போகக்கூடாது. ப்ராஜெக்ட் ஃபைல் (மறுபடி திறந்து மாற்றக்கூடிய எடிட்டிங் ஃபைல்) கேட்டால் அதற்குத் தனி விலை.

சாலிகிராமம் கட்டர்

அண்ணே, நீங்கள் எழுதியதில் டிடிஎஸ் எனக்கு உதவும், நன்றி. ஆனால் அவர் சம்பாதிக்கக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? “இதுல உனக்கு இவ்வளவுதாம்ப்பா கட்டுப்படியாகும்” என்று அவர் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். சாப்ட்டியா என்று கேட்டதுதான் விஷயம்.

கோவை ரீல்ஸ்

எல்லாரும் கம்பெனி, ஸ்டூடியோ என்கிறீர்கள், எனக்கு அந்த இரண்டும் இல்லை, வீட்டு ஹாலில் ஒரு மேசைதான். டாக்டர்கள், துணிக்கடை, சமையல் சேனல் என்று மாதம் 50, 60 ரீல் செய்கிறேன். ஒரு ரீலுக்கு 450. எவ்வளவு நீளம் என்பதை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள், “முப்பது செகண்டுதானே மேடம்”. அந்த முப்பது செகண்டை எடுக்க 50 நிமிடப் பேச்சை நான் முழுதாகக் கேட்கவேண்டும். அப்புறம் தமிழில் கேப்ஷன். மென்பொருள் தானாகப் போடும் தமிழை அப்படியே விட்டால் மானம் போகும். மூட்டு வலி டாக்டருடைய ரீலில் ‘மூட்டு வழி’ என்று வந்தது, ஒரே ரீலில் ஐந்து இடம். எழுத்து எழுத்தாகத் திருத்த முக்கால் மணி நேரம், அதற்கு யாரும் காசு போடுவதில்லை.

அந்த டாக்டர் ஆபீஸில் சமூக ஊடகம் பார்த்துக்கொள்பவரிடம் ஒருநாள் 600 ஆக்கச் சொல்லிக் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. அவர் சிரித்துவிட்டு, “வீட்ல இருந்துதானேங்க பண்றீங்க, உங்களுக்கென்ன செலவு?” என்றார். நான் சரிங்க என்று வைத்துவிட்டேன். அடுத்த மாதம் எனக்கு வேலை கூடிப்போய் ஒரு தம்பியை நானே அவருக்கு அறிமுகம் செய்தேன், என்னிடம் ஆறு மாதம் கற்றுக்கொண்ட பையன். அவனுக்கு ரீலுக்கு 700. அவன் நல்லவன், தானாகவே வந்து சொன்னான், “அக்கா, நீங்களும் அதே வாங்குறீங்கன்னு நெனச்சேன்”. அவனும் அவன் வீட்டில் இருந்துதான் செய்கிறான்.

இப்போது விலை பேசும் போனை எல்லாம் மொட்டை மாடிக்குப் போய்த்தான் எடுக்கிறேன்.

பழைய அசிஸ்டென்ட்

அந்தப் பக்கத்து ஆள் சட்டமெல்லாம் சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் சினிமாவில் அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? எடிட்டருக்கே அட்வான்ஸ் கொஞ்சம், படப்பிடிப்பு முடிந்ததும் கொஞ்சம், டப்பிங்கின்போது கொஞ்சம், மீதி ரிலீஸுக்கு முன் என்று வரும். படம் பெட்டிக்குள் தங்கிவிட்டால் மீதியும் தங்கிவிடும். உதவியாளனுக்கு அன்றாடப் பேட்டா, அவ்வளவுதான். வேலை செய்துகொடுத்து, பில் போட்டு, 45 நாள் எண்ணலாம் என்றால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். சம்பளம் பேசும்போது முதல் கேள்வி, “எந்தப் படத்துல உன் பேர் வந்திருக்கு?” என்பதுதான். யூனியன் கார்டு வேறு, திரையில் பேர் வரும் டைட்டில் கார்டு வேறு. விலையை ஏற்றுவது டைட்டில் கார்டு.

நான் சொல்வது ஃபிலிம் நெகட்டிவ் காலம். அவிட் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெட்டுவோம், அப்புறம் நெகட்டிவின் ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்த்துக் கட் லிஸ்ட்டோடு ஒப்பிடவேண்டும், ஒரு எண் தப்பினால் வேறு ஷாட்டை வெட்டிவிடுவார்கள், வெட்டினால் வெட்டியதுதான். ஒன்பது மாதம் அந்த வேலை செய்தேன். படம் வந்த முதல் நாள் அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ‘பேரெல்லாம் வேகமா ஓடும்மா, நான் காட்டுறேன்’ என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எடிட்டர் பெயர் வந்தது, அதற்கடுத்து நடன இயக்குநர் பெயர் வந்துவிட்டது. உதவியாளர்கள் கார்டே இல்லை. “வந்துச்சாப்பா?” என்றாள். “வந்துச்சும்மா, நீதான் கவனிக்கல” என்றேன்.

சாலிகிராமம் தம்பி எழுதியதைப் படித்ததும்தான் இதை எழுதத் தோன்றியது, வீட்டில்கூடச் சொன்னதில்லை. அம்மா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது, கடைசி வரை பக்கத்து வீட்டில் எல்லாம் என் பேர் வந்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெல்லை நைட் ஷிப்ட்

என்னுடையது சின்னது. அமெரிக்காவில் ஒருவருடைய யூடியூப் சேனலுக்கு வெட்டுகிறேன், வீடியோவுக்கு 120 டாலர், அதில் தளம் கமிஷன் பிடித்துக்கொள்ளும், அப்படியும் இங்கே வாங்கியதைவிட மூன்று மடங்கு. வேலை அதேதான், கோவை அக்கா செய்வதைவிட எளிது என்றுகூடச் சொல்வேன், ஆங்கிலத்துக்குத் தானாக வரும் கேப்ஷனில் தப்பு குறைவு. பார்ப்பவன் எந்த நாட்டுக்காரன் என்பதை வைத்து விளம்பரப் பணம் மாறுகிறது, எங்கள் கூலியும் அதன் பின்னாலேயே போகிறது.

ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு படம் அனுப்பினார், எத்தனை பேர் எந்த நொடியில் வீடியோவை விட்டுப் போனார்கள் என்ற கோடு. 47-ஆவது நொடியில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் சிவப்பு வட்டம், வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த இடத்தில் நான் ஒரு ஷாட்டை இரண்டு நொடி கூடுதலாக நிற்க விட்டிருந்தேன், ஒரு வயதானவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், வெட்ட மனசு வரவில்லை. அடுத்த வீடியோவிலிருந்து 100 டாலர். அந்தச் சிரிப்புக்கு இருபது டாலர் என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு வெட்டினாலும் அதை விடத்தான் செய்வேன்.

கோவை ரீல்ஸ்

மதுரை அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? அந்தத் தாத்தா கிளிப் இப்போது இருக்கிறதா, அழித்துவிட்டீர்களா? ரொம்ப நேரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரை மிக்சிங்

இருக்கும்மா. ஸ்டூடியோவில் வருடம் ஒரு தடவை பழைய டிஸ்க்கை எல்லாம் வாங்கி அழித்துவிட்டு அடுத்த சீசனுக்குப் பயன்படுத்துவார்கள். அந்த டிஸ்க்கை மட்டும் 3,000 கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன், எதற்கு என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார், வீட்டுக்கு என்றேன். மேலே ஸ்டிக்கரில் ‘அப்பளம்’ என்று எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். பெண்ணின் அப்பா நம்பர் என்னிடம் இல்லை, ஸ்டூடியோவில் கேட்டால் தரமாட்டார்கள். மண்டபம் இருக்கும் ஊர் தெரியும், ஆடி வரட்டும், வேலை குறைந்ததும் ஒருநாள் போய் விசாரிக்கலாம் என்று இருக்கிறேன்.