பழைய மேசைக்கணினிக்கு எந்த லினக்ஸ்? பகலில் கருவாட்டுக் கணக்கு, இரவில் தம்பியின் கேம்

தங்கச்சிமடத்துக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2017-இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, விண்டோஸ் இருக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி, கேம்கள் இருக்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய ப்ராசசரை ஏற்பதில்லை. பகலில் நான் இதில் கருவாட்டு வியாபாரக் கணக்கை எழுதுகிறேன், படகுக்காரர்களுக்கான மனுக்களைத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறேன். இரவில் இது தம்பியின் கையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பகலும் அவனுடையதுதான். அவன் விளையாடுபவை கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, வேலரண்ட்.

இணையம் என்பது நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைபேசி ஹாட்ஸ்பாட் மட்டுமே. மின்சாரம் அடிக்கடி போகும். யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாற நினைக்கிறேன். அதன் வழங்கல்களில் (வெவ்வேறு தொகுப்புகளில்) மின்ட், உபுண்டு, ஃபெடோரா, பாசைட், ஆர்ச் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். இரண்டு வேலைக்கும் பொருந்தும் ஒரு லினக்ஸ் வழங்கலைச் சொல்லுங்கள் அண்ணன்மார்களே. அவ்வப்போது கேம் நடுவில் திரை அப்படியே உறைந்தும் போகிறது. அது விண்டோஸின் கோளாறாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கீழக்கரை_மேசை:

தம்பி, வழங்கலின் பெயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் கேம்களைப் பாருங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 லினக்ஸுக்கென்றே வெளிவந்திருப்பதால் அதில் கவலை இல்லை. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி, ஸ்டீம் என்னும் கேம் கடை நிரலில் உள்ள புரோட்டான் வழியாக நன்றாக ஓடும். 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் கேம் கேட்கும் டைரக்ட்3டி என்னும் வரைகலைக் கட்டளைகளை லினக்ஸில் வேலை செய்யும் வல்கனுக்கு மாற்றித் தருகிறது. இன்று லினக்ஸில் கேம் என்று பேச முடிவதே பெரும்பாலும் அதனால்தான். ஆனால் ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்னும் ஏமாற்றுத் தடுப்பைச் சேர்த்த பிறகு லினக்ஸிலிருந்து அதில் நுழைய முடிவதில்லை. வேலரண்ட் எந்த வழங்கலிலும் ஓடாது, ஏனென்றால் அதன் வான்கார்டு என்னும் காவல் நிரல் விண்டோஸின் உட்கருவான கர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. இதைத் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிறுவி முடித்த பிறகு சொன்னால் பழி உங்கள் மேல்தான் விழும்.

அடுத்தது கார்டு. 1050 டிஐ, பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தது. என்விடியாவின் 580 வரிசை டிரைவரே (கார்டை இயக்கும் நிரல்) அந்தத் தலைமுறைக்குக் கடைசி. 590 முதல் அது விடுபட்டுவிட்டது. ஆகவே, எப்போதும் புதிய டிரைவரைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும் ஆர்ச் போன்ற வழங்கலில் வழக்கமான புதுப்பிப்பு ஒன்றைச் செய்துவிட்டு மறுநாள் காலையில் கறுப்புத் திரையைப் பார்க்க நேரும். பழைய வரிசையைத் தனியே தேடி நிறுவும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் அன்றைக்கே மனு ஒன்றை அச்செடுத்துக் கொடுக்க வேண்டிய உங்களுக்கு அது தேவையற்ற தலைவலி.

ஆகவே என் தேர்வு லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் என்னும் திரைத்தோற்றம் உள்ள பதிப்பு. உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது. 2029 வரை ஆதரவு உண்டு. டிரைவர் மேலாளரில் 580 வரிசையைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்தால் போதும். புதுப்பிப்புகளையும் பட்டியலில் பார்த்து, பாதுகாப்புக்கானவற்றை மட்டும் முதலில் இறக்கிக்கொள்ளலாம். 2 ஜிபி கணக்கில் வாழ்பவர்களுக்கு இது முக்கியம். ஸ்டீமை ஃபிளாட்பேக் என்னும் தனித்தொகுப்பாக இல்லாமல் மின்ட்டின் வழக்கமான டெப் பொதியாக (நிறுவல் தொகுப்பாக) நிறுவுங்கள், இறக்கும் அளவு குறையும்.

இன்னொன்று. ஹார்டு டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்னும் விண்டோஸ் கோப்பு வடிவில் இருக்கும். அங்கிருந்தபடியே கேமை ஓட்ட முயலாதீர்கள். புரோட்டான் உருவாக்கும் கோப்புப் பெயர்கள் சில அந்த வடிவத்துக்கு ஒத்துவராமல் கேம் திறக்கவே மறுக்கும். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, அதில் மின்ட்டை நிறுவி, கேம் கோப்புறைகளை ஸ்டீமின் புதிய நூலகத்துக்குள் நகலெடுத்துவிட்டு ‘நிறுவு’ என்று சொன்னால், ஸ்டீம் இருப்பதைச் சரிபார்த்து மீதியை மட்டும் இறக்கும். நிறுவும்போது விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறு செய்ய வழியே இருக்காது.

மண்டபம்_அலை:

மேலே சொன்ன அண்ணனின் கருத்தில் பெரும்பகுதி சரி. ஆனால் மின்வெட்டை அவர் கணக்கில் எடுக்கவில்லை. புதுப்பிப்பு பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் மின்ட்டில் பொதிகள் அரைகுறையாக நிற்கும். முனையத்தில் கட்டளை கொடுத்துச் சரிசெய்ய வேண்டிவரும். பாசைட் அப்படியல்ல. ஃபெடோராவின் அணு (அட்டாமிக்) வகையைச் சேர்ந்த அது, புதிய அமைப்பு முழுவதையும் ஓரமாக எழுதி முடித்து, அடுத்த தொடக்கத்தில்தான் அதற்கு மாறும். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய அமைப்பு அப்படியே எழுந்து நிற்கும். நான் ஓராண்டுக்கும் மேலாக ஏஎம்டி கார்டு உள்ள கணினியில் அதைத்தான் வைத்திருக்கிறேன்; கேமுக்கு வேண்டியதெல்லாம் முதல் நாளிலேயே தயாராக இருந்தது.

கீழக்கரை_மேசை:

நியாயமான மறுப்பு. வீட்டில் தடையில்லாத பிராட்பேண்டும் ஏஎம்டி கார்டும் இருந்தால் நானும் பாசைட்டையே சொல்லியிருப்பேன். ஆனால் அதன் ஒரு புதுப்பிப்பே சில நேரம் ஜிபி கணக்கில் இறங்கும்; கேட்டவரின் ஒரு நாள் இணையம் அதற்கே போய்விடும். பாஸ்கல் கார்டு என்றால் அதற்குரிய தனிப் பதிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். மின்ட்டில் அமைப்பின் பழைய நிலையைச் சேமித்து மீட்டுத் தரும் டைம்ஷிஃப்ட் என்னும் கருவியை முதல் நாளே அமைத்து, யூபிஎஸ் முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கும் நேரத்தில் மட்டும் புதுப்பித்தால் மின்வெட்டுச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கலாம்.

தமிழ் குறித்து ஒரு சொல். தட்டச்சு உள்ளீட்டுக்கான ஐபஸ் எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99 கிடைக்கும். பழைய மனுக்கள் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பைப் பயனர் கோப்புறையில் உள்ள எழுத்துரு அடைவில் போட்டால் லிப்ரே ஆஃபிஸில் படிக்க முடியும். புதியவற்றை யூனிகோடில் மட்டுமே எழுதுங்கள்.

பாம்பன்_சர்வீஸ்:

எந்த லினக்ஸ் என்பதில் எனக்கு வழக்கு இல்லை. திரை உறைவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளிலிருந்து என் மேசைக்கு வரும் கணினிகளில், டிரைவர் கோளாறு என்று சொல்லிக் கொண்டுவரப்படுபவற்றில் பல உப்புக்காற்று பிடித்தவை. ராமின் தங்க நிறப் பட்டையும் கிராபிக்ஸ் கார்டின் விளிம்பும் மங்கி, சில இடங்களில் பச்சை பூத்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரண்டையும் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். கார்டின் விசிறியில் உப்பும் தூசியும் சேர்ந்து பசைபோல் ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86+ நிரலை யூஎஸ்பியில் போட்டு ஓர் இரவு ஓடவிட்டு, பிழை ஒன்றும் இல்லை என்றால் மட்டும் புதிய இயங்குதளத்தை நிறுவுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் உறைந்தது மின்ட்டிலும் உறையும், லினக்ஸுக்குக் கெட்ட பெயர் வரும்.

தங்கச்சிமடத்துக்காரன்:

அனைவருக்கும் நன்றி. பாம்பன் அண்ணன் சொன்னபடி கழற்றிப் பார்த்தேன். ராம் பட்டையின் ஒரு முனை உண்மையிலேயே பச்சையாக இருந்தது. துடைத்து மாட்டிய பிறகு மெம்டெஸ்ட் இரவு முழுவதும் ஓடியும் பிழை காட்டவில்லை. நான்கு நாட்களாகத் திரையும் உறையவில்லை. மின்ட்டின் ஐஎஸ்ஓ என்னும் நிறுவல் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி என்பதால் இரண்டு இரவுகளில் இறக்கி, நிறுவாமல் யூஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். பிரிண்டரும் தமிழ்99-உம் வேலை செய்கின்றன. எஸ்எஸ்டி வாங்க ராமநாதபுரம் போகிறேன்.

தம்பி மட்டும் வேலரண்ட்டை விட முடியாது என்கிறான். பழைய எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸை அதற்கென்றே விட்டுவைத்து, வங்கி வேலை, கணக்கு எதையும் அதில் திறப்பதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம். தொடக்க மெனுவில் மின்ட்தான் முதலில் வர வேண்டும் என்பது என் நிபந்தனை.