தண்டவாளம் போன பாதைக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அவையோருக்கு வணக்கம். சிறுவர்க்கான புவியியல் நூலொன்றில் புயல்களைப் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைத்தாக வேண்டும். புளோரிடாவின் தென்கோடியில் தீவு தீவாகக் கடலைத் தாண்டி, 1912 சனவரி 22 அன்று கீ வெஸ்ட் நகரை எட்டிய ரயில் பாதையில், லாங் கீ என்ற இடத்தில் இரண்டு மைலுக்கும் மேல் நீளும் காங்கிரீட் வளைவுப் பாலம் ஒன்று உண்டு. 1935 செப்டம்பர் 2 அன்று வந்த புயல் பாதையின் மண்கரைகளை அரித்துக்கொண்டு போயிற்றே தவிர, பாலம் நின்றது. கடனில் கிடந்த ரயில் நிறுவனம் பாதையை மாநில அரசுக்கு விற்றுவிட, 1938 முதல் அதன்மேல் கார்கள் ஓடின. 1980களில் பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டதால், பழைய பாலத்தில் இப்போது மக்கள் நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். இத்தகைய பாதையை ஆங்கிலத்தார் 'ரெயில் டிரெயில்' என்று எதுகையோடு சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் எழுதிப் பார்த்தது 'இருப்புப்பாதைப் பாதை'. சிரித்துவிட்டு ஒரு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

ரெயில், டிரெயில் என இறுதி ஒன்றுவது எதுகையன்று, இயைபு. அது நிற்க. வழியைக் குறிக்க 'அதர்' என்ற அருமையான சங்கச் சொல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. 'இரும்பதர்' என்று வைத்துக்கொள்ளலாம். காங்கிரீட்டைக் கற்காரை என்றே எழுதுக. 'கீ' என்பதைச் சாவி என்று மயங்கிவிட வேண்டாம்; சிறுதீவைக் குறிக்கும் 'காயோ' என்ற எசுப்பானியச் சொல்லின் திரிபு அது. நீர்நிலையைக் குறிக்கும் நம் 'கயம்' என்ற சொல்லோடு அதற்கு உறவு இருக்கக்கூடும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம். எனவே லாங் கீ என்பதை 'நெடுங்கயம்' எனலாம்.

கட்டுமானப் பொறியாளர் எழுதியது:

ஐயா, அந்த எசுப்பானியச் சொல் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து வந்தது. கயத்தை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம். தவிரவும் கயம் நீர், தீவு நிலம். 'இரும்பதர்' என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளின் காதில் 'பதர்' என்றுதான் விழும். கற்காரை பாடநூலுக்குச் சரி. ஆனால் முப்பது ஆண்டுகளில் எந்தக் கொத்தனாரும் என்னிடம் அச்சொல்லைச் சொன்னதில்லை. உப்புநீரில் மூழ்கும் பகுதிகளுக்கென்றே செருமனியிலிருந்து சிமெண்டு வரவழைத்துக் கட்டிய பாலம் அது. சிமெண்டே கப்பலேறி வந்திருக்கும்போது, காங்கிரீட் என்ற சொல் நம்மிடம் வந்ததில் குற்றமில்லை.

'தடம்' என்ற சொல்லை முன்மொழியலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 'ரயில் தடம் புரண்டது' என்று நாளிதழ்கள் எழுதும்போது தடம் என்பது தண்டவாளத்தையே குறிக்கிறது. 'ரயில் தடம்' என்று எழுதினால் பிள்ளைகள் அங்கே ரயிலைத் தேடுவார்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் விதித்தது வரும் சொல்லைத் தமிழாக்கிக்கொள்ளத்தான், அப்படியே வாசலில் நிறுத்தி வைக்க அன்று. கொத்தனாருக்குக் கற்பித்தால் கற்றுக்கொள்வார்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர் எழுதியது:

1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றபின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. 2014இல் மறுபடி ரயில் வரும்வரை எங்களிடம் மிஞ்சியது கரைமேடு மட்டுந்தான். அதில் நாங்கள் சைக்கிளில் போனபோதும் அதற்கு ரயில் பாதை என்றுதான் பெயர். ஆகவே 'பழைய ரயில் பாதை' போதும் என்பது என் எண்ணம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

யாழ்ப்பாணத்து நண்பரின் சொல் என்னைத் தொட்டது. ஆனால் கைவிடப்பட்டுக் காடு மண்டிய பாதையும் பழைய ரயில் பாதைதானே? மக்கள் உலாவுவதற்கென்றே ஒழுங்குபடுத்தியது என்ற பொருள் அதில் வரவில்லை. 'உலாத்தடம்' என்றால் என்ன? முன்னே ரயில் இல்லாததால் தடம் குழப்பாது.

தமிழாசிரியர் எழுதியது:

உலா என்பது தலைவன் பவனி வர, ஏழு பருவ மகளிரும் கண்டு மயங்குவதைப் பாடும் சிற்றிலக்கியம். தூண்டிலோடு நிற்பவரைக் கண்டு பேதை முதல் பேரிளம்பெண் வரை யார் மயங்குவார்?

கட்டுமானப் பொறியாளர் எழுதியது:

மாலையில் உலாவப் போகிறோம் என்று எல்லாரும் சொல்கிறோமே, ஐயா. உலாத்தடத்திற்கு என் ஒப்புதல். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தப் பாலத்தில் ரயிலுக்கும் நடைக்கும் நடுவே நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் கார்கள் ஓடியிருக்கின்றன. ஒற்றை ரயில் பாதைக்காகக் கட்டிய வளைவுகளின்மேல் அகலமான தளம் போட்டுத்தான் அவற்றை விட்டார்கள். ஆகவே ரயிலைச் சொல்லுக்குள் திணிக்காமல் விளக்கத்தில் வைப்பதே நேர்மை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இன்று வெள்ளி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து உலாத்தடத்திற்கு நால்வர், பழைய ரயில் பாதைக்கு இருவர், அதருக்கு ஒருவர். 'முன்பு ரயில் ஓடிய காங்கிரீட் பாலத்தின்மேல் அமைந்த உலாத்தடம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். லாங் கீ அப்படியே இருக்கிறது.

தமிழாசிரியர் எழுதியது:

அந்த ஒருவர் நான்தான் என்பதை அவை அறியும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. அச்சேறுமுன் மெய்ப்பு வருமாயின் 'நடையதர்' என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதில் பதர் இல்லை.