நாயோடு வேலை செய்யும் ‘ஹேண்ட்லர்’: தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். பாதுகாப்புச் சேவையில் மோப்ப நாயோடு வேலை செய்ய வருபவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஹட்டன், மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வந்து ஏற்கெனவே வகுப்பில் இருக்கிறார்கள்.

முதலில் ‘பயிற்றுநர்’ என்று போட்டேன். நான்காம் அத்தியாயத்தில் இடித்தது. என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) நிலைகள் 1 முதல் 7 வரை இருப்பதைப் போல இந்தக் கையேடும் படிப்படியாகத்தான் போகிறது: கூடு பராமரிப்பவர், ஹேண்ட்லர், மூத்த ஹேண்ட்லர், பிறகுதான் பயிற்றுநர், அதற்கும் மேலே மதிப்பீட்டாளர். இரண்டாம் படியிலேயே பயிற்றுநர் என்றால் அந்தப் பிள்ளை ஏறுவதற்கு என்ன மிச்சம்?

சரி, ‘கையாள்பவர்’ என்று மாற்றி வகுப்பில் வாசித்தேன். ஒரு தம்பி எழும்பி, “மிஸ், அப்ப நான் ஆற்ற கையாள்?” என்று, யாருடைய எடுபிடி என்ற பொருளில் கேட்டான். முகம் வாடிப் போயிருந்தது. உதவுங்கள்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, சொல் நம்மிடமே இருக்கிறது: ஞமலிப்பாகன். ஞமலி என்றால் நாய்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையைப் பாருங்கள். சுங்கம் கொள்வோர் புலிச் சின்னம் பொறித்த மூட்டைகள் முற்றத்தில் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலின் மேல் ஏறி, ‘கூருகிர் ஞமலிக் கொடுந்தாள் ஏற்றை’ ஆட்டுக்கிடாயோடு துள்ளி விளையாடுகிறது. துறைமுகம், சுங்கம், நாய் மூன்றும் ஒரே இடத்தில்! கொழும்புத் துறைமுகத்து நாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது?

பாகன் என்பதைப் பாகு, பாகம், பக்கம் என்ற வழியில் பக்கத்தில் நின்று நடத்துபவன் என்றே நான் கொள்கிறேன். நாயை இடப்பக்கமாக நடத்துவதுதான் வழக்கம் என்று கையேட்டில் இருக்குமே, அதுவும் ஒத்து வருகிறது. வேண்டுமானால் ‘வலவன்’ இருக்கிறது. புறநானூறு ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்கிறது. ஆனால் அது தேரோட்டி.

இன்னொன்று. கையேட்டில் ‘நாய்க்குட்டி’ என்று எழுதிவிடாதீர்கள். நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைப் பெயர் குருளை என்கிறது தொல்காப்பிய மரபியல். ‘குருளைப் பருவப் பயிற்சி’ என்று எழுதினால் எவ்வளவு அழகு.

கொட்டாஞ்சேனை:

மாஸ்டர், கோபிக்க வேண்டாம். நான் தனியார் பாதுகாப்பு வேலையில் 14 வருடம் நாயோடு நின்றவன். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருமே ‘ஹேண்ட்லர்’ என்றுதான் சொன்னோம். நேர்முகத் தேர்வில் ஒரு பிள்ளை ‘நான் ஞமலிப்பாகன்’ என்றால் கதிரையில் இருக்கிறவர் என்ன விளங்கிக்கொள்வார்?

வேலை என்னவென்று சொல்கிறேன், சொல்லை நீங்கள் பாருங்கள். முதல் மாதம் மோப்பமே கிடையாது. கூடு கழுவுதல், சாப்பாடு அளத்தல், காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்தல். பிறகுதான் வார் கைக்கு வரும். லொறியைச் சுற்றி வரும்போது வாரைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். இழுத்தால் நாய் மூக்கை விட்டுவிட்டு உங்கள் கையைக் கவனிக்கத் தொடங்கிவிடும். வாசம் பட்டால் முதலில் வாலின் ஆட்டம் மாறும், மூச்சு குறுகும், தலை சட்டென்று திரும்பும். அதற்குப் பிறகுதான் குந்தும். வெடிமருந்து தேடும் நாயைக் குந்தத்தான் பழக்குவார்கள். காலால் பிறாண்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மத்தியான வெயிலில் இளைக்கத் தொடங்கிய நாய்க்கு மோப்பம் சரியாக வராது. ‘இனிப் போதும், நிழலுக்குக் கொண்டு போகிறேன்’ என்று மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியவனும் ஹேண்ட்லர்தான்.

என் நாய்க்கு ஒன்பது வயதானபோது ஓய்வு கொடுத்தார்கள். என் கையில் சான்றிதழ் ஒன்றும் இல்லை. பதிவேட்டில் ‘காவலாளி’ என்றே இருந்தது. அடுத்த கிழமை திரும்பவும் கேட்டில் நின்றேன். அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தாளில் இருக்கிற சொல் நாளைக்கு வேறு நிறுவனத்திலும் விளங்க வேண்டும்.

தெஹிவளை, விரிவுரையாளர்:

அண்ணை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மிக்க நன்றி.

மாஸ்டர், உங்கள் பாகனை நாலடியாரே மறுக்கிறது: ‘யானை அறிந்தறிந்தும் பாகனையே கொல்லும், எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும் நாய்’. அங்கே பாகன் யானைக்கு உரியவன். நாயின் பக்கத்தில் இருப்பவனுக்குப் பாட்டு வேறு பெயர் எதுவும் தரவில்லை.

என் தெரிவு ‘கையாளுநர்’. இயக்குநர், பயிற்றுநர், ஓட்டுநர் போல நர் விகுதி. இரண்டு சுழி ‘ன’ வேண்டாம். ‘கையாள்’ என்ற பெயர்ச்சொல் வேறு, ‘கையாளு’ என்ற வினையடி வேறு. பயிற்றுநரும் தன் படியிலேயே இருப்பார்.

பம்பலப்பிட்டி:

கையாள், கையாளு இரண்டும் இலக்கணத்தில் வேறு. காதில் ஒன்று. நாலடியார் பாகனின் குணத்தையா சொல்கிறது? யானையின் குணத்தைச் சொல்கிறது! ஞமலி கடினமென்றால் நிகண்டுகளில் ‘சுணங்கன்’ உண்டு. சிங்களச் ‘சுனக’வுக்கும் கிட்ட நிற்கும்.

தெஹிவளை:

யாழ்ப்பாணத்தாருக்குச் சுணங்குதல் தாமதித்தல், மாஸ்டர். ‘சுணங்காமல் வா’ என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்? பாதுகாப்பு வேலைக்காரனின் பெயர்ப்பட்டியில் அந்த ஒலி வேண்டாம். சிங்களச் சொல்லோ பாளி வழி வந்தது. அந்த ஆராய்ச்சியை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.

கொட்டாஞ்சேனை:

நாய் என்ற சொல்லையே மறைக்க வேண்டும் என்று சிலர் தனிமடலில் எழுதினார்கள், அது வசைச் சொல்லாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் ‘நாய்க்காரர்’, ‘நாய் பிடிப்பவர்’ இரண்டும் கூடவே கூடாது. தெருநாய் பிடிக்க வந்தவர் என்றுதான் சனம் நினைக்கும்.

வெள்ளவத்தை:

நேரம் முடிந்துவிட்டது. கையேட்டில் ‘மோப்ப நாய் கையாளுநர்’ என்று போடுகிறேன். சான்றிதழில் அதற்குக் கீழே ‘ஹேண்ட்லர்’ என்றும் தமிழ் எழுத்திலேயே வரும். ஐந்து பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் ‘ஹேண்ட்லர்’ மட்டுமே போதும் என்றார்கள். குருளையைச் சொற்கோவையில் சேர்த்துவிட்டேன், மாஸ்டர். அடைப்புக்குறிக்குள் நாய்க்குட்டி.

பம்பலப்பிட்டி:

குருளைக்கு நன்றி, பிள்ளை. கையாளுநருக்கு என் வாக்கு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியிடம் புதுச் சொல்லை வாசித்துக் காட்டினீர்களா?

வெள்ளவத்தை:

இன்னும் இல்லை. நாளைக் காலை எட்டரைக்கு வகுப்பு.