பிரஷர் மாத்திரையும் என் இடது கையும்

கிளட்ச் மாஸ்டர்:
கே.கே. நகரில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நான், வயது 56. ஓட்டப் பழகுகிறவர் ஸ்டியரிங் பக்கம், நான் இடப்பக்கம். ஜன்னலில் கையை வைத்தே இருபது வருடம் ஓடிவிட்டது. பிரஷருக்கு 9 வருடமாக டெல்மிசார்ட்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. இரண்டு வருடமாக இடது முன்கை கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. வாட்ச் கட்டும் இடத்தில் மட்டும் பழைய நிறம், வளையல் மாதிரி. வெயில் பட்டால் அரிக்கிறது. முழங்கைக்குக் கீழே பட்டாணி அளவில் சொரசொரவென்று ஒரு திட்டு. உரிந்து விழும், திரும்ப வரும். பக்கத்து கிளினிக்கில் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார்கள். இரண்டு ட்யூப் காலி, திட்டு அப்படியே இருக்கிறது.

மச்சினன் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "மாமா, அந்த மாத்திரை தோல் கேன்சர் கொடுக்குமாம்" என்றான். பயந்துபோய் நான்கு நாள் நிறுத்தினேன். பிரஷர் 170/100. மறுபடி போட்டுக்கொண்டேன். இப்போது எதற்குப் பயப்படுவது?

வடபழனி மெடிக்கல்ஸ்:
மாஸ்டர், மச்சினன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். அதை மொத்தம் 50,000 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் என்கிற தோல் புற்றுநோய் அதிகம் வந்ததை டென்மார்க் ஆய்வுகள் காட்டின. 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை எச்சரிக்கையில் சேர்த்தது. அவர்கள் கணக்கில் 16,000 பேருக்கு வருடத்தில் ஒருவர்தான் கூடுதல். 50,000-ஐத் தாண்டிய வெள்ளைக்காரர்களில் 6,700 பேருக்கு ஒருவர். நீங்கள் இதுவரை சாப்பிட்டது சுமார் 41,000 (கவுண்டரில் கால்குலேட்டர் இருக்கிறது, தட்டிப் பார்த்துவிட்டேன்). நம் கறுப்புத் தோலுக்கு இயற்கையாகவே கொஞ்சம் காப்பு உண்டு. ஆனால் 170-ஐ அப்படியே விட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம்:
அண்ணா, எனக்குக் கிட்னி மாற்றியபிறகு, உடம்பு அதை ஒதுக்காமல் இருக்க அசாத்தியோப்ரின் மாத்திரை ஓடுகிறது. அதற்கும் வெயிலுக்கும் ஆகாது, தோல் புற்றுநோய் பயமும் உண்டு. அதனால் வருடம் ஒருமுறை தலை முதல் கால் வரை தோல் டாக்டரிடம் காட்டுவேன். உங்கள் கையை போட்டோவில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆறாத திட்டு என்றால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான். சென்ட்ரல் எதிரே ஜிஎச்சில் தோல் ஓபி இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். மாத்திரை அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். பெயரை வாயால் சொன்னால் நாமே குழம்பிவிடுவோம்.

கிளட்ச் மாஸ்டர்:
போய் வந்தேன். அட்டையைப் பார்த்ததுமே டாக்டர் அம்மா, "ஜன்னல் பக்கம் எந்தக் கை?" என்றார். மிளகளவு சதை எடுத்தார்கள், ஒரு தையல். ரிசல்ட்டில் புற்றுநோய் இல்லை. மருந்தும் வெயிலும் சேர்ந்து வரும் லைக்கனாய்டு என்ற தோல் அழற்சியாம். பிரஷர் டாக்டர் தயசைடை எடுத்துவிட்டு அம்லோடிபின் என்ற வேறு பிரஷர் மருந்தைச் சேர்த்தார். இப்போது 134/84. அரிப்பு போய்விட்டது, கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகுமாம். கைக்கு முழுநீள ஸ்லீவ் மாட்டிக்கொள்கிறேன். கண்ணாடியை ஏற்றி ஏசி போடலாம் என்றால், ஓனர் பெட்ரோல் கணக்கை எடுத்து நீட்டுகிறார்.