பெரிய பேட்டரியில் 64% இருந்தும் கார் நின்றுபோனது: இது வடிவமைப்புப் பிழையா?

பயணப்பித்தன்:
மின்கார் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. சென்ற வாரம் வரை அதைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. உடனே திரையில் 'மின் அமைப்பைச் சரிபார்க்கவும்' என்று ஒரே ஒரு வரி வந்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் அடுத்த ஊர் வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் ஏசி நின்றது, வேகம் தானாகக் குறைந்தது. ஓரம் கட்டி முடிப்பதற்குள் திரையும் அணைந்துவிட்டது. சார்ஜ் எவ்வளவு என்று கடைசியாகப் பார்த்தபோது 64% இருந்தது.

சர்வீஸ் சென்டரில் சொன்னது இது: வீட்டு மின்சாரத்தைப் பெரிய பேட்டரிக்கு ஏற்றும் ஆன்போர்டு சார்ஜரும், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதில் கன்வெர்ட்டர் பகுதி போய்விட்டது. அதனால் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. அது இறங்கியதும் கார் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்து பழுது பார்க்க முடியாது, முழுதாக மாற்ற வேண்டும், வருவதற்கு 5 வாரம் ஆகும்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் கேட்பது எல்லா நிறுவனங்களையும் பற்றித்தான். வீட்டில் சார்ஜ் போட மட்டும் பயன்படும் பாகத்தையும், ஓடும்போது ஒவ்வொரு நொடியும் தேவைப்படும் பாகத்தையும் ஏன் ஒரே பெட்டியில் அடைக்கிறார்கள்? இதைப் பிழை என்றுதான் சொல்வேன்.

இணைமின்:
குழந்தைகளோடு சாலையோரம் நிற்பது சாதாரண விஷயம் இல்லை, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பவர் எலக்ட்ரானிக்ஸ் என் வேலை என்பதால் உங்கள் முடிவை மறுக்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் செய்கிற வேலையை மின்காரில் டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது. பெரிய பேட்டரியின் 400 அல்லது 800 வோல்ட்டை எடுத்து 14 வோல்ட் அளவுக்கு இறக்கித் தருகிறது. ஆல்டர்னேட்டர் போனாலும் பேட்டரி தாங்கும் வரை ஓடிவிட்டு பெட்ரோல் கார் நின்றுதான் போகும். தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் அதே கதைதான்.

சரி, ஏன் ஒரே பெட்டி? ஆன்போர்டு சார்ஜரும் கன்வெர்ட்டரும் ஒரே உயர் மின்னழுத்தக் கம்பியில்தான் இணைய வேண்டும். இரண்டுக்கும் குளிரூட்டும் நீர் வேண்டும். தனித்தனியாக வைத்தால் கூடுதலாக இரண்டு கனெக்டர், கூடுதல் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள், கூடுதல் நீர்க்குழாய் இணைப்பு எல்லாம் வரும். ஒவ்வொரு இணைப்பும் பழுதாகக் கூடிய ஓர் இடம். உங்கள் காரில் போனது அநேகமாக உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சோ அதைக் காக்கும் ஃபியூஸோதான். அந்த 'டப்' சத்தம் அதைத்தான் காட்டுகிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி அது களைத்துப்போயிருக்கும், அல்லது மின்னழுத்தம் ஒரு கணம் எகிறியிருக்கும். தனிப் பெட்டியில் இருந்திருந்தாலும் அதே மாஸ்ஃபெட் அதே நாளில் போயிருக்கும்.

பயணப்பித்தன்:
போயிருக்கலாம், ஐயா. ஆனால் அப்போது நான் மாற்ற வேண்டியது கன்வெர்ட்டரை மட்டும்தானே? நல்ல நிலையில் இருக்கும் சார்ஜரையும் சேர்த்துக் கழற்றி எறிய வேண்டியதில்லையே.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. பெரிய பேட்டரியில் அவ்வளவு மின்சாரம் இருக்கும்போது, ஒரு சின்ன பேட்டரி இறங்கியதற்காகக் கார் ஏன் நிற்க வேண்டும்?

திருப்புளி:
பட்டறையில் 9 வருடமாக மின்கார் பார்க்கிறேன். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

பெரிய பேட்டரிக்கும் காருக்கும் நடுவில் கான்டாக்டர் என்ற பெரிய ரிலேக்கள் இருக்கின்றன. அவை மூடியிருக்கத் தொடர்ந்து 12 வோல்ட் வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் தள்ளித் தானாகத் திறந்துகொள்ளும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். விபத்து நடந்து ஏர்பேக் வெடித்தால் அடுத்த கணம் உயர் மின்னழுத்தம் பேட்டரிக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். மீட்க வருகிறவர் கை வைக்கும் இடத்தில் 400 வோல்ட் இருக்கக் கூடாது. எனவே 12 வோல்ட் செத்தால் கார் நிற்பது சரியான நடத்தைதான். நிற்கப்போகிறது என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெளிவாகச் சொல்லாததுதான் தவறு. ஸ்டீயரிங் உதவி, பிரேக் பூஸ்டர், விளக்கு எல்லாமே அந்த 12 வோல்ட்டில் ஓடுகின்றன என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

கணக்கன்:
இந்த மாதிரி ஓர் அனுபவத்தைப் படித்ததும் 'மின்காரே வேண்டாம்' என்று முடிவு செய்கிறவர்களுக்காக ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் சாலையோரப் பழுதுகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2024 கணக்கில், 2020 முதல் 2022 வரை பதிவான கார்களில், 1000 மின்கார்களுக்கு 4.2 பழுது, எஞ்சின் கார்களுக்கு 10.4. இரண்டிலுமே முதல் காரணம் 12 வோல்ட் பேட்டரிதான். ஆக, மின்கார் குறைவாகத்தான் நிற்கிறது.

பயணப்பித்தன்:
நண்பரே, அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எத்தனை முறை வண்டி நின்றது என்பதைச் சொல்கிறதே தவிர, நின்ற வண்டி எத்தனை நாள் பட்டறையில் கிடந்தது என்பதைச் சொல்லவில்லை. எஞ்சின் காரில் ஆல்டர்னேட்டரை ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். நான் 5 வாரம் காத்திருக்கிறேன்.

மழைத்துளி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே பயம். வீட்டில் சார்ஜ் போட்டால் 20, 25 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டால் ஏறுகிறது, மறுபடியும் நிற்கிறது. ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆன்போர்டு சார்ஜர் போய்விட்டது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இந்த இழையைப் படித்தபின் தூக்கமே வரவில்லை.

இணைமின்:
அவர் சொன்னதில் நியாயம் உண்டு, அம்மா. ஃபாஸ்ட் சார்ஜர் பேட்டரிக்கு வேண்டிய டிசி மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்கிறது, ஆன்போர்டு சார்ஜரைத் தொடுவதே இல்லை. வீட்டின் ஏசி மின்சாரத்தில் நிற்கிறது, டிசியில் ஏறுகிறது என்றால் சந்தேகம் முதலில் ஆன்போர்டு சார்ஜர் மேல்தான் விழும்.

திருப்புளி:
இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'கொஞ்ச நேரம் கழித்து ஏறுகிறது' என்று அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆறியதும் ஏறுகிறது என்று அர்த்தம். செத்த சார்ஜர் ஆறினால் பிழைக்காது. ஏதோ ஓர் இடம் சூடாகிறது. அது கேபிளின் பிளக்கில் இருக்கலாம், காரின் சார்ஜிங் வாயில் இருக்கலாம். இரண்டு இடத்திலும் வெப்பம் பார்க்கும் சென்சார் வைக்கிறார்கள். அளவு மீறினால் சார்ஜிங்கை நிறுத்திவிடும்.

அம்மா, அடுத்த முறை சார்ஜ் நின்றதும் சுவரில் செருகியிருக்கும் பிளக்கின் மேல் புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். தொட முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட்டை அதோடு விட்டுவிடுங்கள், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை தொட வேண்டாம். மணிக்கணக்கில் முழுச் சுமை இழுக்கிற பொருள் வேறு எதுவும் வீட்டில் கிடையாது. கெட்டில் 4 நிமிடம் இழுக்கும், கார் 8 மணி நேரம் இழுக்கும். சாக்கெட்டில் கம்பியைப் பிடிக்கும் திருகு கெட்டிலுக்குத் தாங்கியிருந்தாலும் காருக்குத் தாங்காது.

அப்புறம், சாக்கெட் நன்றாக இருந்தால் அடுத்து பைலட் கம்பி. காரும் சார்ஜரும் பேசிக்கொள்வது அந்த ஒற்றைக் கம்பியில்தான். கேபிளைச் செருகாதபோது அதில் 12 வோல்ட், செருகியதும் 9, கார் தயார் என்றதும் 6. அதோடு நொடிக்கு 1000 துடிப்பு. துடிப்பின் அகலம்தான் எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்று சொல்கிறது: 10% என்றால் 6 ஆம்பியர், 53% அளவில் 32. இந்தக் கம்பியின் முனையில் கொஞ்சம் பச்சை பிடித்தாலே சார்ஜிங் விட்டு விட்டு நிற்கும். ஒரு பின்னைத் துடைத்தால் தீருகிற விஷயத்துக்குப் பெட்டியை மாற்றச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கன்:
'பச்சை' என்று நீங்கள் சொல்வது செம்பு அரிப்பையா?

திருப்புளி:
ஆமாம். சார்ஜிங் வாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன துளை இருக்கும். அது தூசியால் அடைத்தால் மழைநீர் உள்ளேயே நிற்கும். கொஞ்ச நாளில் பின்னில் பச்சை பிடிக்கும்.

மழைத்துளி:
நீங்கள் சொன்னபடியே பார்த்தேன், அண்ணே. பிளக் சூடு தாங்கவில்லை. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்தேன். சாக்கெட்டைத் திறந்தால் நியூட்ரல் திருகு தளர்ந்து, கம்பியின் உறை கருகியிருந்தது. காரில் ஒன்றுமே இல்லை. இதைப் பார்க்காமல் இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

இணைமின்:
சார்ஜர் மேல்தான் சந்தேகம் என்று எழுதியது நான்தான். அவசரப்பட்டுவிட்டேன். நல்ல வேளை, திருப்புளி அண்ணன் குறுக்கே வந்தார்.

பயணப்பித்தன்:
மழைத்துளி அவர்களுக்குத் தீர்ந்ததில் உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் என் விஷயத்தில் சாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது, கார் ஓடும்போது நின்றது. ஒரே பெட்டி பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.

கணக்கன்:
அதைப் பற்றிப் பொதுவெளியில் பதிவான சம்பவமே இருக்கிறது. ஹூண்டாய் குழுமத்தின் ஐசிசியு என்பது இப்படி இணைத்த பெட்டிதான். அது சேதமானால் 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போய் ஓட்டம் நின்றுவிடலாம் என்று 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஹூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் சுமார் 99,000 திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் அழைத்தார்கள், இம்முறை சுமார் 1,45,000. மென்பொருளைப் புதுப்பித்து, தேவைப்பட்டால் பெட்டியையும் ஃபியூஸையும் மாற்றித் தருவது என்பதுதான் தீர்வு. நான் எண்களின் பக்கம் நிற்கிறவன். இந்த எண் பயணப்பித்தன் பக்கம் நிற்கிறது.

பயணப்பித்தன்:
என் கார் அந்தக் குழுமத்துடையது அல்ல, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொன்னதும் இதுதான்.

இணைமின்:
இல்லை, அது உங்கள் பக்கம் நிற்கவில்லை. இன்னொரு பதிவையும் பாருங்கள். 2022 ஜூனில் ஃபோர்டு மஸ்டாங் மேக்-இ கார்கள் சுமார் 49,000 திரும்ப அழைக்கப்பட்டன. ஃபாஸ்ட் சார்ஜிங்கிலும் திரும்பத் திரும்ப முழு வேகம் எடுப்பதிலும் கான்டாக்டர்கள் சூடாகி, திறந்தே நின்றுவிடலாம் அல்லது ஒட்டிக்கொள்ளலாம் என்பது குறை. கான்டாக்டர் எதனோடும் இணைத்த பெட்டி அல்ல, பேட்டரிக்குள் இருக்கும் எளிய ரிலே. அதுவும் போகிறது. இரண்டு இடத்திலும் பொதுவான எதிரி வெப்பம். இரண்டு இடத்திலும் மென்பொருளில்தான் முதலில் கை வைத்தார்கள். சார்ஜிங் மின்னோட்டத்தை எவ்வளவு மெதுவாக ஏற்றுவது, எந்தச் சூட்டில் குறைப்பது என்பதெல்லாம் மென்பொருள் எடுக்கும் முடிவு. பெட்டியைப் பிரித்து வைப்பதால் அது மாறாது.

திருப்புளி:
இணைமின் சொல்வது வடிவமைப்பு மேசையில் உண்மை. என் மேசையில் வேறு மாதிரி. போன வருடம் ஒரு கார் வந்தது. எந்த சார்ஜரிலும் ஏறாது, 'இன்சுலேஷன் குறைவு', அதாவது மின்காப்பு போதவில்லை என்று பிழை. இதற்கு முன் பார்த்த இடத்தில் சார்ஜர் பெட்டியை மாற்றியிருக்கிறார்கள், சரியாகவில்லை. அதற்கு மேல் பேட்டரியையே மாற்ற வேண்டும் என்றிருக்கிறார்கள்.

உயர் மின்னழுத்தக் கம்பிக்கும் காரின் உலோக உடலுக்கும் நடுவில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் தடை இருக்க வேண்டும் என்பது விதி. 400 வோல்ட் வண்டியில் 40,000 ஓம். அதற்குக் கீழே போனால் சார்ஜிங் தொடங்காது. ஆனால் கசிவு எங்கே என்று அந்தப் பிழை சொல்லாது. அந்தக் கம்பியில் தொங்கும் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை: மோட்டார், ஹீட்டர், சார்ஜர், ஏசி கம்ப்ரசர். ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன். கம்ப்ரசர் சுற்றில் கசிவு. கம்ப்ரசரை மாற்றினோம், கார் வீட்டுக்குப் போனது. தனித்தனிப் பாகமாக இருந்ததால்தான் கழற்றி அளக்க முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஒட்டி மூடினால் நான் எதைக் கழற்றுவேன்?

இணைமின்:
இது வலுவான வாதம், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கனெக்டர் குறைந்தால் பழுது குறையும் என்பது என் நிலை. வந்த பழுதைக் கண்டுபிடிப்பது கடினமாகும் என்பது உங்கள் நிலை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் உள் ஃபியூஸையாவது வெளியிலிருந்து மாற்றும்படி வைக்கலாம், அதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. அதில் நான் உங்களோடு நிற்கிறேன்.

மழைத்துளி:
எங்களைப் போன்றவர்கள் கன்வெர்ட்டர் போய்விட்டதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

திருப்புளி:
உண்டு. சாதாரண மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் பேட்டரி முனைகளில் மட்டும் அளங்கள், ஆரஞ்சு கேபிள் பக்கமே போகாதீர்கள். சில மணி நேரம் சும்மா நின்ற காரில் ஈய பேட்டரி 12.6 காட்டினால் நல்ல நிலை. 12-க்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டும். பிறகு காரை 'ரெடி' நிலைக்கு, அதாவது ஓட்டத் தயாரான நிலைக்குக் கொண்டுவாருங்கள். கன்வெர்ட்டர் உயிரோடு இருந்தால் பொதுவாக 13.5-க்கு மேல் ஏறும். 'ரெடி' காட்டியும் எண் 12-லேயே நின்று மெல்ல இறங்கினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, அந்த வண்டியை ஓட்டாதீர்கள். புதிய கார்களில் 12 வோல்ட் பேட்டரியும் லித்தியமாக இருக்கலாம், அதற்கு எண்கள் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

பயணப்பித்தன்:
கார் இந்த எண்ணை உள்ளே தொடர்ந்து அளந்துகொண்டுதானே இருக்கிறது? அன்று அந்த வரிக்குப் பதிலாக '12 வோல்ட் சார்ஜ் ஆகவில்லை, 15 நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும்' என்று எழுதியிருந்தால், அடுத்த வெளியேறும் பாதையிலேயே இறங்கியிருப்பேன். லாரிகள் போகிற சாலையின் ஓரத்தில் விளக்குகூட எரியாத வண்டியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இணைமின்:
அதை மறுக்க ஒருவராலும் முடியாது. அளவு உள்ளே இருக்கிறது, திரையில் காட்டக் கூடுதல் பாகம் எதுவும் தேவையில்லை. எச்சரிக்கை வாசகம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இணைத்த பெட்டி பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை.

பயணப்பித்தன்:
என்னுடையதும் மாறவில்லை, ஐயா. நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு கோரிக்கை வைக்கிறேன்: திரையில் 12 வோல்ட் அளவு, வெளியிலிருந்து மாற்றக்கூடிய ஃபியூஸ். அனுப்பும் முன் வரைவை இங்கே போடுகிறேன், தொழில்நுட்பச் சொற்களை நீங்களும் திருப்புளி அண்ணனும் ஒருமுறை பார்த்துத் தாருங்கள்.

திருப்புளி:
போடுங்கள், பார்க்கிறேன். புதுப் பெட்டி மாட்டியதும் பட்டறையை விட்டு எடுக்கும் முன் 'ரெடி' நிலையில் அளந்து, அந்த எண்ணையும் இங்கே எழுதுங்கள். இவ்வளவு நாள் இறங்கிக் கிடந்த 12 வோல்ட் பேட்டரியையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.