கண் திறக்காத நான்கு குட்டிகள், தாய் இல்லை: காப்பகத்திலிருந்து எடுத்து வரப் போகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வாசற்படி:
வாரக் கடைசியில் நான் போய்க் கூண்டு கழுவிக் கொடுக்கும் காப்பகத்தில், நேற்று ராத்திரி யாரோ ஓர் அட்டைப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே நான்கு நாய்க்குட்டிகள். கண் திறக்கவில்லை, காதும் மூடித்தான் இருக்கிறது. இரண்டுக்குக் காய்ந்த தொப்புள்கொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாய் எங்கே என்று தெரியாது. காப்பகத்தில் ராத்திரி ஆள் கிடையாது, யாராவது வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்கிறார்கள். பெரிய நாய்களோடு எனக்குப் பழக்கம், இவ்வளவு சின்னதைக் கையில் எடுத்ததே இல்லை. வீட்டில் ஆறு வயது நாய் ஒன்று இருக்கிறது.

மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடு என்கிறார் ஒருவர், கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். நான்கில் ஒன்று ரொம்பச் சின்னது, சத்தமே இல்லாமல் கிடக்கிறது. அதற்குத்தானே முதலில் பால் கொடுக்க வேண்டும்? சாயங்காலம் போகிறேன்.

வாலாட்டி:
காப்பகங்களுக்காகத் தாயில்லாக் குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பவள் நான். கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்: அந்தச் சின்னதுக்கு இப்போதைக்குப் பால் கொடுக்காதீர்கள். முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

உங்கள் சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே ஜில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் இல்லையென்றால் குட்டி குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. முதல் வாரத்தில் குட்டிகளுக்கு நடுங்கத் தெரியாது, தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளவும் முடியாது. அந்த வாரத்தில் உடல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. 34 பக்கம் இறங்கிவிட்டால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் ஊட்டுகிற பால் வயிற்றிலேயே தங்கிவிடும், திரும்பி வந்தால் நுரையீரலுக்குள் போகும். பசியில் செத்துவிடுமோ என்ற பதற்றத்தில் ஊட்டப்பட்டுச் செத்த குட்டிகள்தான் அதிகம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

எடுத்ததும் சட்டைக்குள் விட்டு, உடம்போடு உடம்பாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் ஹீட்டிங் பேட், மேலே மடித்த துண்டு. மறுபாதி சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டாத குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். குளிர்ந்த குட்டியை ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். ஹேர் டிரையரைத் தொடாதீர்கள். முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரி பக்கம் இருக்கட்டும், அப்புறம் வாராவாரம் கொஞ்சம் குறைக்கலாம். தெர்மாமீட்டர் சொல்வதைக் குட்டிகளும் சொல்லும்: ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

இனி பால். மாட்டுப்பாலோடு ஒப்பிட்டால் நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் இரண்டு மடங்குக்கு மேல், லாக்டோஸ் குறைவு. மாட்டுப்பாலே போதாது என்னும்போது அதில் தண்ணீரும் ஊற்றினால் என்ன மிஞ்சும்? நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரை வாங்கி, டப்பாவில் சொன்னபடி கலந்து, 38 டிகிரி சூட்டில் கொடுங்கள். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் போக வேண்டாம், அதாவது 250 கிராம் குட்டிக்கு 10 மில்லி. முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்துத்தான். ராத்திரிக்கு மாற்றாள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு குட்டிகளை இன்னொருவரிடம் கொடுங்கள். பழக்கமில்லாத ஒருவர் நான்கையும் தனியாகச் சமாளிப்பதற்கு நான் சரி சொல்ல மாட்டேன்.

குட்டியைக் குழந்தைபோல மல்லாத்தி ஊட்டாதீர்கள். குப்புறப் படுக்க வைத்து, தலை லேசாக நிமிர்ந்திருக்க, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே பாட்டிலைக் கொடுங்கள். பாட்டிலை அழுத்தாதீர்கள், அதுவே உறிஞ்சட்டும். மூக்கில் பால் நுரைத்து வந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தலையைத் தாழ்த்துங்கள். புரை ஏறிய குட்டிக்கு அப்புறம் மூச்சில் சத்தம் கேட்டால் டாக்டரிடம் ஓடுங்கள், காலை வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சுமார் மூன்று வாரம் வரை இதுகளால் தானாக ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக முடியாது. தாய் நக்கி நக்கித்தான் போக வைக்கும். ஒவ்வொரு முறை ஊட்டும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் மெதுவாகத் தடவுங்கள், சில நொடியில் சொட்டுச் சொட்டாக வரும். சிறுநீரின் நிறம் வெளிறியிருந்தால் நல்லது. அடர் மஞ்சளாக வந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை.

சமையலறை எடை மிஷினில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். அடையாளத்துக்கு நகத்தில் ஆளுக்கொரு நிறம் நெயில் பாலிஷ் போதும். நன்றாக வளரும் குட்டி பத்து நாள் வாக்கில் பிறந்த எடையைப்போல இரண்டு மடங்கு ஆகிவிடும். ஒரு நாள் முழுக்க எடை ஏறவில்லை என்றாலே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தெருமுனை:
வாலாட்டி அக்கா சொன்னது எல்லாம் சரி. அதற்கும் முன்னால், அந்தக் காப்பகத்திலேயே குட்டி போட்ட நாய் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு குட்டியோடு இருக்கும் நல்ல சுபாவமுள்ள தாய் என்றால் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதன் குட்டிகள் படுத்த துணியால் இவற்றைத் துடைத்து, வாசனை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் விடுங்கள். ஒருவர் தாயின் தலைப்பக்கமே இருக்க வேண்டும், உறுமினால் எடுத்துவிடுங்கள். தாயும் நோயில்லாமல் இருக்க வேண்டும், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

வாலாட்டி:
அமைந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. நோய் என்றதும் ஞாபகம் வருகிறது: வாசற்படி, நீங்கள் கூண்டு கழுவுகிறவர். இந்தக் குட்டிகள் பிறந்த முதல் நாளில் சீம்பால் குடித்தனவா என்று யாருக்கும் தெரியாது. குடிக்கவில்லையென்றால் எதிர்ப்புச் சக்தி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பார்வோ என்று ஒரு வைரஸ், குட்டிகளுக்கு வாந்தியும் ரத்த வயிற்றுப்போக்கும் கொடுத்து உயிரையே எடுத்துவிடும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது, பிளீச் வேண்டும். அந்த அட்டைப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் புதுப் பெட்டியில் கொண்டுவாருங்கள். கூண்டு கழுவிய உடுப்போடும் செருப்போடும் குட்டிகளிடம் போகாதீர்கள். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி நடப்பில் இருந்தாலும் குட்டிகள் தனி அறையில் இருக்கட்டும்.

வாசற்படி:
கொண்டுவந்துவிட்டேன். தாய் எதுவும் அமையவில்லை. இரண்டு என் தங்கை வீட்டில், சின்னதும் இன்னொன்றும் என்னிடம். சின்னது சட்டைக்குள் இருந்து சூடேறி, விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகுதான் கொடுத்தேன், 5 மில்லி குடித்தது. இப்போது தூக்கத்தில் கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, முகமெல்லாம் துடிக்கிறது. வலிப்பா?

வாலாட்டி:
தொட்டால் முழித்து முனகுகிறதா? அப்படியென்றால் வலிப்பில்லை. இந்த வயதில் தூக்கத்தில் துடிப்பது நல்ல அறிகுறி, அசையாமல் கிடந்தால்தான் யோசிக்க வேண்டும். உடம்பு விறைத்து, எழுப்பியும் எழாமல், ஈறு வெளுத்திருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே குளுக்கோஸ் தண்ணீரை ஈறில் விரலால் தடவிக்கொண்டே டாக்டரிடம் கிளம்புங்கள்.

தாயில்லாக் குட்டிகள் ஒன்றின் அடிவயிற்றை ஒன்று சப்பிப் புண்ணாக்கும். தங்கையிடமும் சொல்லிவிடுங்கள், தோல் சிவந்திருந்தால் நடுவே ஒரு துணிச்சுருளை வைத்துப் பிரிக்கட்டும். இரண்டு வாரம் ஆனதும் முதல் குடற்புழு மருந்து, அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடுத்த வேளைக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள்.