புதுப்பிப்பு: பிரீமியர் பத்மினியில் போட்ட ஏசி, வண்டி நின்றால் குளிராத பிரச்சினை தீர்ந்தது

ஏசி ஏன் நிற்கும்போது குளிரவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன்; பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: வண்டி 1089 சிசி பத்மினி, ஏசி தனியாக வாங்கிப் பொருத்தியது. ஆரல்வாய்மொழிக் காற்றில் ஓடும்போது ஜில்லென்று இருக்கும். மார்த்தாண்டம் நெரிசலில் நின்றால் வெறும் வெக்கைதான், இன்ஜின் டெம்பரேச்சர் முள்ளும் ஏறும்.

கேஸ் (ஏசிக்குள் சுற்றும் குளிர்வாயு) குறைவு என்றுதான் பலர் சொன்னீர்கள். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தோம். நிற்கும்போது ஹை சைடு (கம்ப்ரசர் வாயுவை அழுத்தி அனுப்பும் பக்கம்) அழுத்தம் 300 பிஎஸ்ஐயைத் தாண்டியது. கேஸ் குறைந்திருந்தால் இப்படி ஏறாது. வாயுவின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்று தக்கலை அண்ணன் சொன்னதுதான் சரி. அதன் முன்னால் எலக்ட்ரிக் ஃபேன் வைத்து, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டு, கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்சோடு சேர்ந்து ஓடும்படி இணைத்தோம். காற்று ரேடியேட்டர் பக்கம் தள்ளுகிறதா என்று ஒரு காகிதம் பிடித்துப் பாருங்கள். வயர் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். இப்போது அதே நெரிசலில் 230 பக்கம் நிற்கிறது, முள்ளும் அசையவில்லை. அவ்வளவு நிம்மதி!

அப்புறம் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி). என் வண்டியில் இருந்தது பழைய டைனமோ. ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) அது ஃபேனையும், உள்ளே குளிர்காற்று வீசும் புளோயரையும் தாங்காது. டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போடாமல் ஃபேன் வைக்காதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: நம் ஊர் ஈரப்பதத்துக்கு எவாப்பரேட்டரில் (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் பகுதி) தண்ணீர் நிறைய இறங்குகிறது. அதை வெளியேற்றும் டிரெயின் ஹோஸ் மடங்கியிருந்ததால் முன் சீட் கால்மிதி ஊறிவிட்டது. ஹோஸைச் சரிவாக இறக்கியதும் நின்றது. கடற்கரைப் பக்கம் ஓட்டுபவர்கள் கண்டென்சரை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு அலுமினியத் தகடுகளை அரித்துவிடும்.